இஃப் லூப் என்று ஒன்று கிடையாது

ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடிக்கு ஐந்தாறு பிள்ளைகள் வருவார்கள். பாலிடெக்னிக் படிப்பவர்கள் இரண்டு பேர், கல்லூரி முதலாண்டு மூன்று பேர், பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு எதில் சேர்வது என்று முழித்துக்கொண்டிருக்கும் ஒருத்தி. ஒரு பழைய லேப்டாப், இரண்டு ஃபோன். கணினிக்குக் கட்டளை எழுதும் மொழிகளில் ஒன்றான பைத்தான் சொல்லித் தருகிறேன் என்று பெயர். பாதி நேரம் அரட்டைதான்.

புதிதாக யார் வந்தாலும் முதலில் ஒன்று கேட்பேன்: “இதுவரைக்கும் என்னென்ன தெரியும்?” அநேகமாக எல்லாரிடமிருந்தும் ஒரே பதில்தான் வரும். “ஃபார் லூப் கொஞ்சம் குழப்பும்கா. ஆனா இஃப் லூப் நல்லா தெரியும்.”

இஃப் லூப். மாணவர்கள் மட்டும் இப்படிச் சொல்வதில்லை. பாடம் நடத்துபவர்களும் சொல்கிறார்கள். வீடியோ போடுபவர்களும் சொல்கிறார்கள். பத்து வருஷம் வேலை பார்த்தவர்கள் வாயிலிருந்துகூட நான் கேட்டிருக்கிறேன். லூப் என்றால் சுற்று, அதாவது ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வது. இஃப் என்பது ‘இப்படி இருந்தால் இதைச் செய்’ என்று கணினிக்குச் சொல்லும் கட்டளை. அது சுற்றவே சுற்றாது. சும்மா வாய் தவறி வருகிற சொல்தானே என்று நானும் ரொம்ப நாள் விட்டுவிட்டேன். அப்புறம்தான் தெரிந்தது, இந்தச் சொல்லுக்குள்ளே ஒரு தப்பான படம் ஒளிந்திருக்கிறது. இஃப் என்பது ஒரு காவல்காரர் மாதிரி எப்போதும் விழித்திருந்து, நிலைமையைப் பார்த்துக்கொண்டே இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அதை விளக்கத்தான் இந்தக் கட்டுரை.

கொருக்குப்பேட்டை கேட்டில் ஓர் இயந்திரம்

வடசென்னைக்காரர்களுக்கு ரயில்வே கேட்டைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. கொருக்குப்பேட்டை கேட்டில் மாட்டிக்கொண்டு, ஒரு கூட்ஸ் ஆற அமர ஊர்ந்து போய், அது முடிந்ததும் எதிர்ப்பக்கம் ஒரு எலெக்ட்ரிக் ட்ரெயின் போய், அதற்கப்புறமும் கேட் திறக்காமல் இருக்கும்போது, வண்டியை அணைப்பதா வேண்டாமா என்று யோசிக்காதவர் யார்?

உங்கள் ஸ்கூட்டரை ஓர் இயந்திரம் ஓட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்குச் சொந்த புத்தி கிடையாது. நீங்கள் ஒரு தாளில் எழுதிக் கொடுத்ததை மேலிருந்து கீழாக, ஒவ்வொரு வரியாகச் செய்யும். இப்படி வரிசையாக எழுதிய கட்டளைகளுக்குத்தான் நிரல் என்று பெயர். ப்ரோகிராம் என்று எல்லாரும் சொல்வது இதைத்தான். உங்கள் தாளில் இருப்பது இது:

    கேட் வரை ஓட்டு
    கேட் மூடியிருந்தால் பிரேக் பிடி
    தண்டவாளத்தைக் கடந்து போ

படிக்கும்போது சரியாகத்தான் இருக்கிறது. இயந்திரம் கேட்டுக்கு வருகிறது. மூடியிருக்கிறதா என்று பார்க்கிறது. ஆமாம், மூடியிருக்கிறது. பிரேக் பிடிக்கிறது. அத்தோடு இரண்டாவது வரி முடிந்தது. அடுத்தது மூன்றாவது வரி: கடந்து போ. போகிறது. கேட் இன்னும் மூடித்தான் இருக்கிறது, ஆனால் மூன்றாவது வரியில் கேட்டைப் பற்றி யாரும் பேச்சே எடுக்கவில்லையே!

நமக்கு வேண்டியிருந்தது ‘மூடியிருந்தால்’ இல்லை, ‘மூடியிருக்கும் வரை’. அதாவது பார், மூடியிருக்கிறதா, கொஞ்சம் நில், மறுபடி பார், இன்னும் மூடியிருக்கிறதா, இன்னும் கொஞ்சம் நில். இதுதான் லூப். பைத்தானில் இதற்கு வைல் என்று ஒரு சொல் இருக்கிறது. இஃப் கேட்பது ஒரே ஒரு முறை. பதில் வந்ததும் அதன் வேலை தீர்ந்தது, இயந்திரம் அடுத்த வரிக்குப் போய்விடும், திரும்பிப் பார்க்காது.

தண்ணி லாரி வந்தால் குடத்தை எடு

இந்தக் குழப்பத்துக்குப் பிள்ளைகளை மட்டும் குறை சொல்லக் கூடாது. நம் தமிழுக்கும் இதில் பங்கு உண்டு.

ஆங்கிலத்தில் இஃப் என்ற தனிச்சொல் வாக்கியத்தின் தொடக்கத்தில் வந்து உட்காரும். நமக்கு அது வினைச்சொல்லின் வாலில் ஒட்டிக்கொள்ளும் ஒரு சின்ன ‘ஆல்’. பெய்தால், வந்தால், கேட்டால். அந்தச் சின்ன ஒட்டுக்கு நாம் கொடுத்திருக்கும் வேலை கொஞ்சநஞ்சம் இல்லை. “மழை பெய்தால் ஒழுகும்” என்றால் எப்போதெல்லாம் பெய்கிறதோ அப்போதெல்லாம். “நீ வந்தால் நல்லா இருக்கும்” என்பது ஆசை. “தண்ணி லாரி வந்தால் குடத்தை எடுத்துட்டு ஓடு” என்று அம்மா சொன்னால், அதில் ஒரு முழு நாளின் காவல் இருக்கிறது. காதைத் தீட்டி வைத்துக்கொள், ஹாரன் சத்தம் கேட்கிறதா என்று பார்த்துக்கொண்டே இரு, எப்போது வந்தாலும் ஓடு என்று அர்த்தம்.

கணினியிடம் “லாரி வந்திருந்தால் குடத்தை எடு” என்று எழுதினால், அது அந்த வரிக்கு வந்த கணத்தில் தெருவை ஒரு தடவை எட்டிப் பார்க்கும். லாரி இல்லையா? சரி, அடுத்த வேலை. இரண்டு நிமிஷம் கழித்து லாரி வந்து தெருவே அல்லோலப்பட்டாலும் அதற்குத் தெரியாது. அம்மாவின் ‘வந்தால்’ ஒரு நாள் முழுக்க நீளும். கணினியின் ‘வந்தால்’ ஒரு நொடியிலும் சின்ன துண்டு.

சரி, இனிமேல் நிரல் வரிகளைத் தமிழிலேயே எழுதப் போகிறேன். இது என் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் என்ற நிரல் மொழியில் தமிழ்ச் சொற்களாலேயே நிரல் எழுதலாம். அதில் நிபந்தனை முதலில் வரும், ‘ஆனால்’ பின்னால் வரும், நம் வாக்கியம் போலவே. நான் அதன் சாயலைக் கொஞ்சம் எளிமையாக்கிப் பயன்படுத்துகிறேன். ஆனால், இல்லைஆனால், இல்லை என்று நான் எழுதும் மூன்றும் பைத்தானில் இஃப், எலிஃப், எல்ஸ் என்று வரும். பதிப்பி என்றால் திரையில் காட்டு.

    (மழை == "ஆம்") ஆனால்
        பதிப்பி "குடை எடு"
    முடி

அடைப்புக்குறிக்குள் இருக்கும் கேள்விதான் நிபந்தனை. முழு அமைப்புக்கும் நிபந்தனைக் கூற்று என்று பெயர். இந்த இரண்டு சொற்கள் போதும், மீதியை ஓட்டிவிடலாம்.

இதுவரை வந்தது இவ்வளவுதான்: நிபந்தனைக் கூற்று ஒரு கேள்வியை, அந்த வரிக்கு வந்த நேரத்தில், ஒரே ஒரு தடவை கேட்கும். திரும்பத் திரும்பக் கேட்க வேண்டுமானால் அதற்கு வேறு கருவி இருக்கிறது.

‘பார்க்கலாம்’ என்ற பதில் இல்லை

காசிமேட்டில் போய் வஞ்சிரம் விலை கேளுங்கள். குறைத்துத் தருவீர்களா என்றால் ஆமாம் என்றும் வராது, இல்லை என்றும் வராது. “முதல்ல கூடைய எடுணா, பாத்துக்கலாம்” என்று வரும். கணினியின் நிபந்தனைக்கு இந்த மூன்றாவது பதில் கிடையாது. ஆம், அல்லது இல்லை. உண்மை, அல்லது பொய். இப்படி இரண்டே மதிப்புகள் கொண்ட பதிலுக்கு பூலியன் என்று பெயர். ஜார்ஜ் பூல் என்ற கணித அறிஞர் தர்க்கத்தையே இப்படிக் கணக்காக எழுதலாம் என்று விரிவாகக் காட்டிய புத்தகம் 1854-ல் வந்தது. ராயபுரம் ரயில் நிலையம் திறப்பதற்கு இரண்டு வருஷம் முன்னால். கணினி என்ற ஒன்று பிறப்பதற்கு ஏறக்குறைய நூறு வருஷம் முன்னால்.

அதனால் ‘மீன் ஃப்ரெஷ்ஷாக இருந்தால் வாங்கு’ என்பது நிபந்தனை ஆகாது. செவுள் சிவப்பா, கண் தெளிவா என்று ஆம், இல்லை சொல்லக்கூடிய கேள்விகளாக அதை உடைக்க வேண்டும். நிரல் எழுதுவதில் பெரும்பாலான உழைப்பு இந்த உடைப்பில்தான் போகும். மற்றதெல்லாம் தட்டச்சு.

கேள்வி கேட்க ஒப்பீட்டுக் குறிகள் இருக்கின்றன. பெரியதா என்பதற்கு >, சிறியதா என்பதற்கு <, பெரியதா அல்லது சமமா என்பதற்கு >=, சிறியதா அல்லது சமமா என்பதற்கு <=. சமமா என்று கேட்பதற்கு மட்டும் இரண்டு கோடு ஜோடி: ==. ஒற்றை = என்பது கேள்வி இல்லை, கட்டளை. வயது = 18 என்றால் ‘வயது என்ற டப்பாவில் 18-ஐப் போடு’. வயது == 18 என்றால் ‘டப்பாவில் இருப்பது 18-ஆ?’. ஒன்று டப்பாவில் போடுவது, மற்றது மூடியைத் திறந்து பார்ப்பது. நிபந்தனைக்குள் ஒற்றை = போட்டால் பைத்தான் உடனே முகத்தைச் சுளித்து நின்றுவிடும். சி என்ற இன்னொரு நிரல் மொழி பெரும்பாலும் நிற்காது. மதிப்பை மாற்றி வைத்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். எது நல்ல குணம் என்று உங்களுக்கே தெரியும்.

ஜூன் 14-ஆம் தேதி போட் போகுமா?

எல்லையில் நிற்கும் எண்தான் நிபந்தனையில் அதிகம் இடறும். இதை எனக்குச் சரியாகச் சொல்லிக் கொடுத்தவனே ஒரு காசிமேட்டுப் பையன்தான். அவன் அப்பா விசைப்படகில் வேலை பார்க்கிறார்.

கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் மீன்பிடித் தடைக்காலம் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன்கள் முட்டையிட்டுப் பெருகும் காலம் என்பதால் இந்த ஏற்பாடு. கட்டுமரத்துக்கும் நாட்டுப்படகுக்கும் தடை இல்லை. வீட்டில் தினமும் பேசும் விஷயம் என்பதால் அதையே நிரலாக எழுதிக்கொண்டு வா என்றேன். எழுதினான்:

    (நாள் > ஏப்ரல்_15) மற்றும் (நாள் < ஜூன்_14) ஆனால்
        பதிப்பி "தடைக்காலம்"
    முடி

“கரெக்டாகா?” என்றான். பதில் சொல்லாமல், உன் நிரல்படி மொத்தம் எத்தனை நாள் தடை என்று எண்ணச் சொன்னேன். விரலை மடக்கினான். ஏப்ரலில் 16-லிருந்து 30 வரை 15 நாள். மே 31. ஜூனில் 13 வரை 13 நாள். கூட்டினால் 59.

“61 நாள்தானக்கா? அப்பா 61ன்னுதான் சொல்லும்.” கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். “ஐயோ. 15-ஆம் தேதியும் போச்சு, 14-ஆம் தேதியும் போச்சு.”

ஏப்ரல் 15 என்பது ஏப்ரல் 15-ஐ விடப் பெரியது இல்லை, சமம். அதனால் > என்ற குறி அந்த நாளை வெளியே தள்ளிவிட்டது. மறுமுனையில் < அதே வேலையைச் செய்துவிட்டது. இரண்டு இடத்திலும் ஒரு = சேர்த்து >=, <= என்று ஆக்கியதும் 61 வந்தது. ‘முதல்’, ‘வரை’ என்று நாம் வாயால் சொல்லும்போது அந்த இரண்டு முனைகளும் உள்ளே சேர்ந்ததா, வெளியே நிற்பதா என்று யாரும் விளக்குவதில்லை, கேட்பவருக்கே புரிந்துவிடும். கணினிக்கு அதைச் சொல்லியாக வேண்டும். எந்த நிபந்தனை எழுதினாலும், நடுவில் இருக்கும் எண்ணை விட்டுவிட்டு எல்லையில் நிற்கும் எண்ணைக் கொடுத்துச் சோதித்துப் பாருங்கள். தப்பு இருந்தால் அநேகமாக அங்கேதான் இருக்கும்.

‘உம்’ போட்டால் மற்றும் ஆகிவிடுமா?

மேலே ‘மற்றும்’ என்று ஒன்றைப் போட்டுவிட்டு விளக்காமல் வந்துவிட்டேன். இரண்டு கேள்விகளை ஒன்றாகக் கட்டும் கயிறு அது. மற்றும் போட்டால் இரண்டு பக்கமும் உண்மையாக இருந்தால்தான் மொத்தம் உண்மை. அல்லது போட்டால் ஏதாவது ஒரு பக்கம் உண்மையாக இருந்தாலே போதும்.

கேட்கச் சுலபம். எழுதும்போது நம் ‘உம்’ காலை வாரிவிடும். “சனியும் ஞாயிறும் கிளாஸ் இருக்கு” என்கிறோம். அதைக் கேட்டுவிட்டு ஒருத்தி இப்படி எழுதினாள்:

    (கிழமை == "சனி") மற்றும் (கிழமை == "ஞாயிறு") ஆனால்
        பதிப்பி "இன்று வகுப்பு உண்டு"
    முடி

அவள் நிரல்படி வருஷத்தில் ஒரு நாள்கூட வகுப்பு இல்லை. ஒரே நாள் சனிக்கிழமையாகவும் ஞாயிற்றுக்கிழமையாகவும் இருக்க வேண்டும் என்று கேட்டால் எப்படி இருக்கும்? இங்கே வேண்டியது ‘அல்லது’. நாம் பேசும் ‘உம்’ பட்டியல் போடுகிறது. நிரலின் ‘மற்றும்’ இரண்டு சோதனையிலும் ஒரே ஆளைத் தேறச் சொல்கிறது.

இன்னொரு வம்பு உண்டு. மாநகரப் பேருந்தில் 2021-லிருந்து பெண்களுக்குக் கட்டணம் இல்லை, ஆனால் சாதாரணக் கட்டணப் பேருந்தில் மட்டும். அதே ஆண்டு திருநங்கையருக்கும் இது வந்தது. இதை அப்படியே வாயில் வந்த வரிசையில் எழுதினால்:

    (பயணி == "பெண்" அல்லது பயணி == "திருநங்கை" மற்றும் பேருந்து == "சாதாரணம்") ஆனால்
        பதிப்பி "கட்டணம் இல்லை"
    முடி

ஏசி பஸ்ஸில் ஏறும் ஒரு பெண்ணை இதில் போட்டுப் பாருங்கள். கட்டணம் இல்லை என்று வரும். ஏனென்றால் பள்ளிக்கூடக் கணக்கில் கூட்டலுக்கு முன்னால் பெருக்கலைச் செய்வது போல, நிரல் மொழிகள் பொதுவாக அல்லதுக்கு முன்னால் மற்றும்-ஐ முடித்துவிடும். அதனால் ‘சாதாரணம்’ என்ற நிபந்தனை திருநங்கை என்பதோடு மட்டும் ஒட்டிக்கொண்டது. பெண் தனியாக, எந்த பஸ்ஸிலும் இலவசமாக. அல்லது இருக்கும் பகுதியைத் தனி அடைப்புக்குறிக்குள் போட்டால் தீர்ந்தது. மற்றும், அல்லது இரண்டும் ஒரே வரியில் வந்தால் நான் யோசிக்காமல் அடைப்புக்குறி போட்டுவிடுவேன். தேவையா இல்லையா என்று நின்று ஆராய்வதில்லை. அடைப்புக்குறிக்குக் காசா பணமா?

சுருக்கமாக: நிபந்தனையின் பதில் உண்மை அல்லது பொய். எல்லை எண் உள்ளேயா வெளியேயா என்று சொல்லியாக வேண்டும். கேள்விகளை மற்றும், அல்லது கொண்டு கட்டலாம், கட்டும்போது தமிழ் ‘உம்’மை நம்பாதீர்கள்.

பொய் என்றால் எங்கே போவது?

நிபந்தனை பொய்யானால் உள்ளே இருக்கும் வரிகளைத் தாண்டிவிடும், அவ்வளவுதான். பொய்யானாலும் ஒரு வேலை நடக்க வேண்டும் என்றால் ‘இல்லை’ என்ற பகுதி.

    (படகு == "விசைப்படகு") ஆனால்
        பதிப்பி "கரையில் நில்"
    இல்லை
        பதிப்பி "கடலுக்குப் போகலாம்"
    முடி

இந்த ‘இல்லை’க்கு நிபந்தனை கிடையாது என்பதைக் கவனியுங்கள். அது எதையும் கேட்காது. மேலே தேறாதது எதுவோ அதெல்லாம் இங்கே வந்து விழும். நீங்கள் மனதில் கட்டுமரத்தை நினைத்துக்கொண்டு எழுதியிருப்பீர்கள். யாராவது படகு என்ற இடத்தில் "ஆட்டோ" என்று அடித்தால் அதையும் கடலுக்குப் போகலாம் என்றுதான் சொல்லும்.

ஒரு நிபந்தனைக்குள் இன்னொன்றையும் வைக்கலாம். வீட்டு மின் கட்டணம் அப்படித்தான். இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500-ஐத் தாண்டிவிட்டால் கணக்குப் போடும் அட்டவணையே வேறு. முதலில் ‘500-க்கு உள்ளேயா?’ என்று கேட்டு, எந்த அட்டவணை என்று தெரிந்த பிறகு, அதற்குள்ளே அடுத்தடுத்த கேள்விகள். 501-ஆவது யூனிட்டுக்குப் பில் ஏன் ஒரேயடியாக எகிறுகிறது என்பதற்கு விடை இதில் இருக்கிறது. இரண்டு, மூன்று அடுக்குக்கு மேல் போனால் எழுதியவருக்கே வழி தெரியாது, அதனால் அதிகம் அடுக்காதீர்கள்.

பேசின் பிரிட்ஜ் பாயிண்ட்

இப்போது கணினிக்கு உள்ளே. ‘கணினி முடிவெடுக்கிறது’ என்று எல்லாரும் சொல்கிறார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் முடிவெடுப்பது மாதிரி எதுவும் தென்படாது.

சென்ட்ரலிலிருந்து கிளம்பும் ரயில் பேசின் பிரிட்ஜைத் தாண்டியதும் வியாசர்பாடி ஜீவா, பெரம்பூர் என்று அரக்கோணம் பக்கமும் போகலாம். கொருக்குப்பேட்டை வழியாகக் கும்மிடிப்பூண்டி பக்கமும் போகலாம். எந்தப் பக்கம் என்று ரயில் யோசிப்பதில்லை. தண்டவாளம் பிரியும் இடத்தில் இருக்கும் பாயிண்ட் எந்தப் பக்கம் ஒட்டியிருக்கிறதோ அந்தப் பக்கம் சக்கரம் போகும். நிபந்தனைக் கூற்று என்பது அந்தப் பாயிண்ட்தான்.

நிரலைச் செய்து முடிக்கும் சில்லுக்கு ப்ராசஸர் என்று பெயர். கட்டளைகள் எல்லாம் நினைவகத்தில் வரிசை எண் போட்டு அடுக்கியிருக்கும். அடுத்து எந்த எண்ணில் இருக்கும் கட்டளையைச் செய்ய வேண்டும் என்று ப்ராசஸர் ஓர் இடத்தில் குறித்து வைத்திருக்கும். அதுதான் நிரல் சுட்டி. சாதாரணமாக ஒவ்வொரு கட்டளை முடிந்ததும் சுட்டி அடுத்த எண்ணுக்கு நகரும். 100, 101, 102 என்று போய்க்கொண்டே இருக்கும்.

ஜூன் மாதத் தேதியை வைத்து நம் தடைக்கால நிரல் உள்ளே ஏறக்குறைய இப்படி மாறியிருக்கும்:

    100: நாளிலிருந்து 14-ஐக் கழி
    101: விடை சைபருக்கு மேலே இருந்தால் 104-க்குத் தாவு
    102: "தடை" என்று காட்டு
    103: 105-க்குத் தாவு
    104: "கடலுக்குப் போகலாம்" என்று காட்டு
    105: அடுத்த வேலை

தேதி 14 என்றால் 14-லிருந்து 14 போக சைபர். சைபருக்கு மேலே இல்லை, அதனால் 101-இல் தாவல் இல்லை. 102-க்கு நகர்ந்து தடை என்று காட்டும். பிறகு 103-இல் தாவி வெளியே. தேதி 15 என்றால் விடை 1. 101-இல் ஒரே தாவாக 104. கழித்து வந்த விடையைக்கூட ப்ராசஸர் வைத்துக்கொள்வதில்லை. விடை சைபரா, சைபருக்குக் கீழேயா என்று ஒன்றிரண்டு அடையாளங்களை மட்டும் தூக்கி வைத்துக்கொள்ளும். அந்த அடையாளத்துக்குக் கொடி என்று பெயர். தாவல் கட்டளை அந்தக் கொடியைப் பார்க்கும். ஒரு கழித்தல், ஒரு தாவல். இஃப் என்பது இந்த இரண்டும்தான், அதற்கு மேல் அதில் மூளை கிடையாது.

ஐபிஎம் 704 கணினிக்காக 1957-ல் வந்த ஃபோர்ட்ரான் மொழியில் இந்தக் கழித்தல் வாசனை அப்படியே இருந்தது. அதன் இஃப்பில் ஆம், இல்லை என்று இரண்டு வழி இல்லை, மூன்று வழி. விடை நெகட்டிவ் என்றால் இந்த வரிக்குப் போ, சைபர் என்றால் அந்த வரிக்கு, பாசிட்டிவ் என்றால் இன்னொரு வரிக்கு. பழைய நிரல்களில் அதைப் படிக்க நேர்ந்தவர்களைப் பார்த்தால் ஒரு டீ வாங்கிக் கொடுங்கள்.

இப்போது மறுபடி அந்த எண்களைப் பாருங்கள். 101-லிருந்து 104-க்கு. 103-லிருந்து 105-க்கு. இரண்டு தாவலும் முன்னோக்கித்தான். 103-ஆவது வரியை ‘100-க்குத் தாவு’ என்று மாற்றினால் என்ன ஆகும்? காட்டியதும் சுட்டி மறுபடி மேலே போகும், மறுபடி கழிக்கும், மறுபடி கேட்கும். அதுதான் லூப். இஃப்புக்கும் லூப்புக்கும் உள்ளே இருக்கும் வித்தியாசம் தாவல் எந்தத் திசையில் என்பதுதான். இதை மாடியில் சொன்ன அன்றைக்குத்தான் பாலிடெக்னிக் பையன்கள் இஃப் லூப் என்று சொல்வதை நிறுத்தினார்கள். இப்போது வேறு யாராவது சொன்னால் அவர்கள்தான் முதலில் சிரிக்கிறார்கள்.

கூண்டு எண் என்ன?

கடைசியாக, பல வழி பிரியும் இடம். அதற்கு ‘இல்லைஆனால்’. மேலே கேட்டது பொய் என்றால் மட்டும் இதைக் கேள் என்று அர்த்தம். பாயிண்ட்டுகள் ஒன்றன் பின் ஒன்றாக வருவது போல. ஏதாவது ஒன்றில் திரும்பிவிட்டால் அதற்கு அடுத்த பாயிண்ட்டுகளை ரயில் பார்க்கவே பார்க்காது. அதனால் இதில் வரிசைதான் எல்லாமே.

வங்கக் கடலில் புயல் உருவானால் சென்னை, எண்ணூர், காட்டுப்பள்ளி துறைமுகங்களில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவார்கள், செய்தியில் கேட்டிருப்பீர்கள். எண் 1-லிருந்து 11 வரை. 1, 2 என்றால் புயல் தூரக் கடலில். 3, 4 என்றால் துறைமுகத்துக்கே மோசமான வானிலை வரலாம். 5, 6, 7 அபாயம். 8, 9, 10 பெரும் அபாயம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு முழித்துக்கொண்டிருப்பவள் இதை எழுதினாள். எண்ணூர்ப் பக்கம் அவள் வீடு.

    (கூண்டு >= 1) ஆனால்
        பதிப்பி "தூரத்தில் புயல்"
    (கூண்டு >= 3) இல்லைஆனால்
        பதிப்பி "இங்கே வானிலை மோசமாகலாம்"
    (கூண்டு >= 5) இல்லைஆனால்
        பதிப்பி "அபாயம்"
    (கூண்டு >= 8) இல்லைஆனால்
        பதிப்பி "பெரும் அபாயம்"
    முடி

9 என்று கொடுத்தாள். தூரத்தில் புயல் என்று வந்தது. ஒன்பது என்பது ஒன்றை விடப் பெரியதுதானே, முதல் பாயிண்ட்டிலேயே திரும்பிவிட்டது. பிரச்சினை என்னவென்று நான் வாயைத் திறப்பதற்குள் அவளே கண்டுபிடித்து மொத்தத்தையும் தலைகீழாக்கினாள். முதலில் >= 8, அப்புறம் >= 5, அப்புறம் >= 3, மீதி எல்லாம் ‘இல்லை’யில் தூரத்தில் புயல். 9 கொடுத்தாள், பெரும் அபாயம். 6, அபாயம். 8, பெரும் அபாயம். எல்லையையும் சோதித்துவிட்டாள்.

“11 போட்டுப் பாரு” என்றேன். பெரும் அபாயம் என்று வந்தது. “கரெக்ட்தானக்கா, பத்தை விடப் பெருசு.”

பத்தை விடப் பெரிது என்பது எண்ணுக்குச் சரி. ஆனால் 11-ஆம் எண் கூண்டு பத்தாம் எண்ணை விடப் பெரிய புயலைச் சொல்லவில்லை. வானிலை எச்சரிக்கை மையத்தோடு தகவல் தொடர்பே அறுந்துவிட்டது, இங்கே இருக்கும் அதிகாரி நிலைமை மோசம் என்று கருதுகிறார் என்று அர்த்தம். பத்து வரைக்கும் புயலைப் பற்றிப் பேசிய எண் வரிசை, பதினொன்றில் தொடர்பு அறுந்ததைப் பேசுகிறது. >= என்ற குறிக்கு அது எப்படித் தெரியும்? அதைத் தெரிந்துகொள்ள வேண்டியவர் நிரல் எழுதுபவர்தான். அவள் எல்லாவற்றுக்கும் மேலே போய் ஒரு வரி சேர்த்தாள்:

    (கூண்டு == 11) ஆனால்
        பதிப்பி "மையத்துடன் தொடர்பு இல்லை"

சேர்த்துவிட்டு, தானாகவே இன்னொரு எண்ணை அடித்தாள்: 0. கூண்டே ஏற்றாத நாள். மாடியில் வெயில் இன்னும் இறங்கவில்லை, வானத்தில் ஒரு மேகம் கிடையாது. திரையில் ‘தூரத்தில் புயல்’ என்று வந்தது.

“இந்த ‘இல்லை’தான்கா மாட்டிவிடுது” என்று சொல்லிக்கொண்டே மறுபடி கடைசி வரிக்குப் போனாள்.